முழங்கைக்கு மேலே

கடைக்குள் நுழைகிறவளின் உதட்டைப் பார்த்தே அவள் எதை வாங்குவாள், எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போவாள் என்று சொல்லிவிடுவேன். அழகுசாதனக் கடையில் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று நின்று வந்த திமிர் இது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரே ஒருத்தி விஷயத்தில் மட்டும் என் கணக்கு தலைகீழாகப் போனது. அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் அண்ணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது அந்த மகராசிதான்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. சுவர்ப் பெயிண்ட் தயாரிக்கிற ஆலையில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். மழைக்கும் வெயிலுக்கும் பெயிண்ட் உரிகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு சிமெண்டுத் துண்டில் பெயிண்டைத் தடவுவாள், தண்ணீரில் ஊறப்போடுவாள், பிரஷ்ஷால் வறட்டு வறட்டு என்று தேய்ப்பாள். அப்படியும் அது போகவில்லை என்றால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் நல்ல நாள். சமையலறையில் பாட்டெல்லாம் கேட்கும்.

ஒருநாள் நான் கடையிலிருந்து கொண்டுவந்த லிப்ஸ்டிக் பெட்டியைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். வருஷக்கணக்காக அதை விற்கிறவள் நான். ஒரு நாளும் படித்ததில்லை.

“இந்தச் சிவப்பு ஒரு பூச்சியை நசுக்கி எடுக்கறது, தெரியுமா உனக்கு?”

“சாப்பிடற நேரத்துல ஏன் அண்ணி?”

“இங்க பாரு. கொழுப்புன்னு போட்டிருக்கான். எந்த மிருகத்தோட கொழுப்புன்னு போடல.”

“இவ கடையில இருக்கறதால இவளோடதா இருக்கும்,” என்றாள் என் உம்மா. அண்ணன் சோற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. பெட்டியை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் எதையோ தீர்மானித்துவிட்டாள் என்று அர்த்தம். அண்ணன் பெண் பார்க்கப் போன அன்றும் அவனை அப்படித்தான் பார்த்தாளாம்.

அடுத்த மாதமே வேலையை விட்டாள். வீட்டின் பின்னறையில் இருந்த பழைய கட்டிலும் ஓடாத மின்விசிறியும் வெளியே போயின. தராசு வந்தது, வெப்பமானி வந்தது, ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெழுகு உருக்குகிற அடுப்பு வந்தது, தோட்டா வார்க்கிற அச்சு மாதிரி ஓர் அலுமினிய அச்சும் வந்தது. தலையில் வலைத்தொப்பி, வாயில் முகமூடி, கையில் கையுறை. உம்மா அந்த அறைக்குப் போனால் சலாம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பாள். ஆஸ்பத்திரிக்குள் நுழைகிற பயம்.

மிருகக் கொழுப்பு கிடையாது, பூச்சிச் சிவப்பு கிடையாது, சாராயம் ஒரு சொட்டுக் கிடையாது. விளக்கெண்ணெய், செடியிலிருந்து எடுத்த மெழுகு, மண்ணிலிருந்து எடுத்த நிறம். இவற்றோடு, பெயிண்டில் கற்ற ஒரு வித்தையாக, ஒரு பிசின். அந்தப் பிசினால்தான் நிறம் உதட்டை விட்டு நகராது. தேநீர் குடித்தாலும் கோப்பையில் படாது, சாப்பிட்டாலும் கலையாது.

நிறம் எப்படி வருகிறது என்று பார்க்க அண்ணி தன் கையில்தான் கோடு போட்டுப் பார்ப்பாள். முழங்கைக்கு மேலே, தோள்வரை, வரிவரியாக ரோஜா நிறமும் செங்கல் நிறமும் நாவல்பழ நிறமும். சட்டைக் கையை உயர்த்தினால் பாதி வரிக்குதிரை. “ஏன் அண்ணி அவ்வளவு உயரத்துல? மணிக்கட்டுல போட்டா பாக்க வசதியா இருக்குமே,” என்று ஒருமுறை கேட்டேன். “கீழ போட்டா தொழும்போது சுத்தமாப் போகாது. மேலேன்னா தொந்தரவில்ல,” என்றாள். நானும் சரி என்று போய்விட்டேன். இந்த இடத்தை மறந்துவிடாதீர்கள்.

சான்றிதழ் தருகிற அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பின்னறையைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, எங்கிருந்து வந்தது, எதிலிருந்து வந்தது என்று கேட்டார்கள். ஹலால் முத்திரை கிடைத்தது. அன்றைக்கு அண்ணி அழுதாள். நான் என் பங்குக்கு என் முதலாளியிடம் போய் நின்றேன்.

முதலாளி என்னைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார். என் வாய்க்குப் பயந்தே பாதி விஷயங்களுக்குத் தலையாட்டுவார். கண் மட்டத்தில் இருக்கிற நடுத்தட்டை அண்ணியின் லிப்ஸ்டிக்குக்குக் கேட்டேன். கடையிலேயே அந்தத் தட்டுக்குத்தான் மதிப்பு. குனியாமல், எக்காமல் எடுக்கலாம்.

“அந்தத் தட்டுக்குப் பெரிய கம்பெனிக்காரன் நடையா நடக்கறான் பட்டாசு.”

“நடக்கட்டும் சார். உடம்புக்கு நல்லது.”

“சரி. ஸ்டாக் கணக்கு எடுக்கற நாள் வரைக்கும் தர்றேன். அதுவரைக்கும் ஓடலன்னா தட்டு அவனுக்கு. அப்புறம் என்கிட்ட வந்து வெடிக்கக் கூடாது.”

அந்தத் தட்டு போனால் அண்ணியின் சரக்கை வைக்க வேறு கடை இல்லை. மற்ற கடைக்காரர்கள் எல்லோரும் எங்கள் முதலாளியைப் பார்த்துத்தான் சரக்கு எடுப்பார்கள். அண்ணி திரும்பவும் பெயிண்ட் ஆலைக்குப் போக வேண்டியதுதான். அவளுடைய நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, எப்போது வருகிறாய் என்று பழைய அதிகாரி போனுக்கு மேல் போன். அந்த போன் வரும்போதெல்லாம் அண்ணி அதைத் தரையில் கவிழ்த்து வைப்பாள்.

விற்பதுதான் என் வேலை, இல்லையா? எல்லாம் தெரிந்தவளாக நானே பெட்டியை வடிவமைத்தேன். முஸ்லிம் பெண்பிள்ளைகள் எதைப் பார்த்து வாங்குவார்கள்? முத்திரையைப் பார்த்து. ஆகவே முத்திரையைக் கண்ணைக் குத்துகிற அளவுக்குப் பெரிதாகப் போட்டேன். பச்சை நிறம். மேலே ஒரு பிறை. இரண்டு பக்கமும் பள்ளிவாசல் மினாரா. போதாததற்கு, வீடியோ போட்டுப் பிரபலமான ஒரு பெண்ணைப் பிடித்து, அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, எங்கள் லிப்ஸ்டிக்கைப் பூசிக்கொண்டு பேச வைத்தேன். ஆயிரக்கணக்கானவர்கள் இதயம் போட்டார்கள். இதயம் போட்டவர்கள் யாரும் கடைக்கு வரவில்லை.

அம்மாக்கள் வந்தார்கள். பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக எடுத்து, “மாஷா அல்லாஹ், நல்ல காரியம்,” என்று திரும்ப வைத்துவிட்டுப் பவுடர் வாங்கிக்கொண்டு போனார்கள். மகள்கள் வந்தார்கள். கல்லூரி விட்டுக் கூட்டமாக வந்த பெண்களில் ஒருத்தி பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஏய், இது உதட்டுக்கா, இல்ல உண்டியலாடி?” என்றாள். கூட்டமே கெக்கேபிக்கே என்று சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியாலேயே அவள் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன்.

இந்த லட்சணத்தில்தான் அவள் வந்தாள். சோதனைக்காரி என்று நான் பெயர் வைத்தவள்.

பல் மருத்துவம் படிக்கிறவள். கழுத்தில் கல்லூரி அட்டை தொங்கும், தோளில் மூட்டை மாதிரி ஒரு பை. தினமும் காலையில் கடை திறந்த கையோடு வருவாள். வணக்கம் இல்லை, சலாம் இல்லை. நேராக நடுத்தட்டுக்குப் போவாள். பூசிப் பார்க்க என்று திறந்து வைத்திருக்கும் டெஸ்டரை எடுப்பாள், பஞ்சுக்குச்சியில் தொட்டுக் கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகப் பூசுவாள், வாயை இப்படியும் அப்படியும் கோணி அழகு பார்ப்பாள், போய்விடுவாள். ஒரு நாளைக்கு மெல்லிசாக, ஒரு நாளைக்குக் கெட்டியாக. இன்று ரோஜா, நாளை செங்கல். வாங்கியது கிடையாது. உதட்டைப் பார்த்து ஆளை எடைபோடுகிற நான் இவளை முதல் நாளே எடைபோட்டுவிட்டேன். ஓசியில் ஒப்பனை பண்ணிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற கேஸ்.

ஒருநாள் உதடெல்லாம் சிவந்து தடித்து வந்தாள். வேறெங்கோ போய் மட்டமான சரக்கைப் பூசியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கும் எங்கள் டெஸ்டரைத்தான் எடுத்தாள். மறுநாள் டெஸ்டரை எடுத்து மேசைக்கடியில் ஒளித்து வைத்தேன். வந்தவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“டெஸ்டர் எங்க அக்கா?”

“தீந்து போச்சு.”

“நேத்து பாதி இருந்ததே?”

“நீ பூசினதுல மிச்சம் எங்க இருக்கும்?”

சிரித்துவிட்டுப் போனாள். உறைக்கவே இல்லை அவளுக்கு. அடுத்த நாள் அதே நேரத்துக்கு வந்து நின்றாள்.

ஸ்டாக் எடுக்கிற நாள் நெருங்கிவிட்டது. பெரிய கம்பெனிக்காரன் வந்து நடுத்தட்டின் நீள அகலத்தை அளந்துகொண்டு போய்விட்டான், உயிரோடு இருக்கிறவனுக்குக் குழி அளக்கிற மாதிரி. அன்று காலை அண்ணி கடைக்கு வந்திருந்தாள். விற்காத பெட்டிகளை எப்படித் திரும்ப எடுத்துப் போவது என்று கேட்க வந்தவள், கேட்க மனசு வராமல் என் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சோதனைக்காரி உள்ளே வந்தாள். நான் மறந்து வெளியே வைத்துவிட்ட டெஸ்டரை எடுத்துக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்மா, இது கடையா, உங்க வீட்டுக் கண்ணாடி மேசையா? தினம் வர்ற, பூசற, போற. ஒரு நாளாவது ஒண்ணு வாங்கினியா? இதைச் செஞ்சவங்க இதோ உக்காந்திருக்காங்க. வேலையை விட்டுட்டு, கண்ணு எரிய எரிய அடுப்படியில நின்னு செஞ்சது. உனக்கு இது விளையாட்டா?”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் பஞ்சுக்குச்சியைக் கீழே வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, ரொம்ப நாளாகத் தேடின ஆளைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு வெளிச்சம்.

“நீங்கதான் செய்யறீங்களா? அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இதைப் பூசிக்கிட்டு எப்படி ஒளு எடுக்கறது?”

தொழுகைக்கு முன்னால் முகம், கை, கால் கழுவுவதைத்தான் ஒளு என்போம். முகத்தில் உதடும் சேர்த்தி. தண்ணீர் தோலில் பட வேண்டும். நடுவில் ஒட்டிக்கொண்டு ஒரு படலம் நின்றால் ஒளு சேராது. சின்னப் பிள்ளையிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரியும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்ட சான்றிதழ்காரர்களுக்கும் தெரியும். அதை உதட்டிலிருந்து எப்படி எடுப்பது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

“நான் சோப்புப் போட்டுக் கழுவிப் பாத்தேன், போகல,” என்றாள் அவள். “மெல்லிசாப் பூசிப் பாத்தேன், போகல. ஒருநாள் துண்டை வச்சுத் தேய்ச்சதுல உதடு வீங்கிப் போச்சு. மத்தியான லுஹர் தொழுகைக்கு எங்களுக்கு இடைவேளை கொஞ்ச நேரம்தான். நான் குழாயடியில தேய்ச்சிக்கிட்டே நிக்கறேன், எல்லாரும் தொழுதுட்டு வந்துட்டாங்க. நிறம் ரொம்ப அழகு அக்கா. அஞ்சு நிறத்துல ஒண்ணாவது போகும்னு பாத்தேன்.”

நான் ஏன் இதைக் கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். ஒப்பனை கலைக்கிற எண்ணெயும் பஞ்சும் எப்போதும் என் கையெட்டும் தூரத்தில் இருக்கும். வேலை முடிந்ததும் ஒரு இழுப்பு, முகம் துப்புரவு. கல்லூரிக் குழாயடியில் எண்ணெய்ப் பஞ்சு வைத்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

ஆனால் அண்ணி?

திரும்பிப் பார்த்தேன். அண்ணி தன் சட்டைக் கையை மெல்ல மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். முழங்கைக்கு மேலே வரிவரியாக, போன மாதம் போட்ட கோடுகூட அப்படியே. ஒளுவுக்குக் கை கழுவுவது முழங்கைவரைதான். அதற்கு மேலே போட்டால் தொந்தரவில்லை என்று தனக்கு மட்டும் வழி பண்ணிக்கொண்டு, ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் உதட்டில் பூசக் கொடுத்திருக்கிறாள்.

“அடியே,” என்றாள் அண்ணி, என்னிடமா தன்னிடமா தெரியவில்லை. “எனக்குத் தெரிஞ்சிருக்குடி. என் கைக்குத் தெரிஞ்சிருக்கு, புத்திக்குத் தெரியல. உதட்டுக்கு முழங்கைக்கு மேலேன்னு ஒரு இடம் ஏது?”

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழப் போகிறாள் என்று நான் பஞ்சைத் தேடினேன். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. ஸ்டூலில் உட்கார்ந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சுவருக்கு அடிக்கறதை உதட்டுக்கு அடிச்சிருக்கேன்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பல் டாக்டரும் சேர்ந்துகொண்டாள். சிரிக்காமல் நின்றது நான் ஒருத்திதான். அந்தப் பெண்ணைத் திட்டின வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“சாரிம்மா,” என்றேன்.

“பரவால்ல அக்கா. எங்க பேராசிரியர் இதைவிட நல்லாத் திட்டுவாரு.”

அண்ணி அவளை விடவில்லை. பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். உனக்கேன் இவ்வளவு அக்கறை என்று கேட்டாள்.

“எங்க வகுப்புல ஒரு கூட்டமே காத்திருக்கு. நான் நல்லாருக்குன்னு சொன்னாத்தான் வாங்குவாங்க. எதுன்னாலும் என்னைத்தான் முதல்ல அனுப்புவாங்க. உணவகத்துல புதுசா எதாவது வந்தாலும் முதல் வாய் என்னோடதுதான்.”

“முத்திரையைப் பாத்து வாங்க மாட்டீங்களா?” இது நான்.

“முத்திரை இருந்தாத்தான் கையிலயே எடுப்போம் அக்கா. இல்லாட்டி எடுக்கவே மாட்டோம். ஆனா கையில எடுத்தப்புறம் வேற விஷயம். எங்கள்ல ஒருத்தி பூசிக்கிட்டு வரணும். தொழுதுட்டு வந்து குழாயடிக் கண்ணாடியில மறுபடி பூசணும். பக்கத்துல நிக்கறவ, எங்கடி வாங்கினேன்னு கேக்கணும். அவ்வளவுதான்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். “பெட்டியை மட்டும் கோச்சுக்காம மாத்திடுங்க. அதைப் பாத்தா யாரோ கண்டிக்கற மாதிரி இருக்கு. நாங்க பயந்து வாங்க வரல, ஆசைப்பட்டு வாங்க வர்றோம்.”

வீடியோக்காரிக்குக் கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது. ஒரு கூட்டத்தையே கையில் வைத்திருந்தவள் தினமும் தானாக நடந்து வந்தாள். நான் டெஸ்டரை ஒளித்து வைத்தேன்.

அன்று மாலையே பின்னறையில் அடுப்பு ஏறியது. பிசின் டப்பாவை அண்ணி அலமாரியின் உச்சிக்கு ஏற்றிவிட்டாள். மெழுகைக் குறைத்து, தண்ணீரைக் கண்டால் அதோடு சேர்ந்து ஓடிவிடுகிற ஓர் எண்ணெயைச் சேர்த்தாள். கேட்கச் சுலபம். போகவே கூடாது என்று பழகின கைக்கு, போக வைப்பது லேசில் வரவில்லை. முதல் அடுப்பில் வந்ததைப் பூசிக்கொண்டு உம்மா ஒரு வாய் தேநீர் குடித்தாள். நிறம் மொத்தமும் கோப்பைக்குப் போய்விட்டது. “கோப்பைக்கு நல்லாருக்கு,” என்றாள் உம்மா. அடுத்தது அண்ணனின் சட்டைப்பையில் உருகி, அவன் அலுவலகத்தில் நெஞ்சில் குத்துப்பட்டவன் மாதிரி நின்றானாம். ஏன் சட்டைப்பையில் வைத்தாய் என்று கேட்டால், வெயிலில் தாங்குமா என்று சோதித்தானாம். வீட்டில் எல்லோரும் சோதனைக்காரர்களாகி விட்டார்கள்.

கடைசியில் ஒன்று சரியாக வந்தது. தேநீருக்கு நின்றது, வெயிலுக்கு நின்றது, குழாய்த் தண்ணீரில் இரண்டு கை ஏந்தித் தடவினால் கரைந்து போனது. அண்ணிக்கு நம்பிக்கை வரவில்லை. பூசப்போகிறவர்களே சோதித்துப் பார்க்கட்டும் என்று கல்லூரிக்கு எதிரே இருக்கிற பள்ளிவாசலின் பெண்கள் பகுதிக்கு லுஹர் நேரத்தில் போனோம். சோதனைக்காரி தன் படையோடு வந்திருந்தாள். உண்டியலா என்று கேட்டவளும் அதில் இருந்தாள். நான் அவளை முறைத்தேன், அவள் எனக்குச் சலாம் சொன்னாள்.

வரிசையாகக் குழாய்கள், முன்னால் வழவழத்த சிமெண்டுத் திண்டுகள், சுவரில் ஓரம் கறுத்த ஒரு நீளக் கண்ணாடி. பூசிய உதடுகளோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். அண்ணி ஒவ்வொருத்தி முன்னாலும் குனிந்து, பெயிண்ட் ஆலையில் சிமெண்டுத் துண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். குழாய்கள் திறந்தன. முகத்தில் தண்ணீரை வாரி ஊற்றி மூன்று முறை தடவினார்கள். கால்வாயில் தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது. ஒருத்தி வெள்ளைத் துவாலையால் உதட்டை ஒற்றிக் காட்டினாள். ஒன்றும் இல்லை. இன்னொருத்தி காட்டினாள். ஒன்றும் இல்லை.

அண்ணி சட்டைக் கையை ஏற்றி, பையிலிருந்து ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீளமாக ஒரு கோடு இழுத்தாள். முழங்கைக்குக் கீழே அவள் போட்டு நான் பார்த்த முதல் கோடு அதுதான். பிறகு குழாயைத் திறந்து ஒளு எடுத்தாள். கோடு போன இடம் தெரியவில்லை. மேலே பழைய வரிகள் மட்டும் அசையாமல் இருந்தன.

அன்றைக்கு எல்லோரும் ஒரே வரிசையில் நின்று தொழுதோம். சோதனைக்காரி எனக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நின்றாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. தொழுது முடித்ததும் குழாயடிக் கண்ணாடி முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. திரும்பப் பூசிக்கொண்டார்கள். எங்கள் கூட்டத்தைச் சேராத ஒரு பெண், யாரென்றே தெரியாது, தலைத்துணியைச் சரிசெய்தபடி எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“எங்க வாங்கினீங்க?”

சோதனைக்காரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

ஸ்டாக் எடுக்கிற நாளும் வந்தது. பெரிய கம்பெனிக்காரன் அட்டைப்பெட்டிகளோடு வாசலிலேயே நின்றான். அண்ணி புதுச் சரக்கை நடுத்தட்டில் அடுக்கியிருந்தாள். பிறை இல்லை, மினாரா இல்லை. வெள்ளைப் பெட்டி, முகப்பில் உள்ளே இருக்கிற நிறத்தில் ஒரே ஒரு கீற்று, மூலையில் நகத்தளவு முத்திரை. முதலாளி ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

“பாக்க லட்சணமா இருக்கு. எவ்வளவு நேரம் நிக்கும்மா?”

“தண்ணி பட்டா போயிடும் சார்,” என்றாள் அண்ணி பெருமையாக.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. பெரிய கம்பெனிக்காரன் வாசலில் நின்றபடியே சிரித்துவிட்டான். “எங்களது ஒரு நாள் முழுக்க நிக்கும் சார், மழையில நனைஞ்சாலும் போகாது,” என்றான்.

“பட்டாசு, என்ன இது? உலகத்துல போகாத லிப்ஸ்டிக்குக்குத்தான் கூட்டம். உங்க அண்ணி போறதைச் செஞ்சு கொண்டுவந்திருக்காங்க!”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கல்லூரி விட்டிருந்தது. கண்ணாடிக் கதவு திறந்தது, மூடவில்லை. ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக வந்துகொண்டே இருந்தார்கள். குழாயடியில் பார்த்த முகங்கள், பார்க்காத முகங்கள், ஒரு கூட்டத்துக்குப் பின்னால் அவர்களுடைய தங்கைகள். “ரோஜா இருக்கா?” “எனக்குச் செங்கல் ரெண்டு.” “ஏய், தள்ளுடி.” முதலாளி அவசரமாகத் தானே மேசைக்குப் பின்னால் வந்து பை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். நடுத்தட்டில் பின்பலகை தெரிந்தது. பெரிய கம்பெனிக்காரன் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தான்.

கூட்டம் கலைந்ததும் முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். அவருக்கு மெல்ல வெளிச்சம் வந்தது.

“இரு இரு. தொழும்போதெல்லாம் கழுவிடுவாங்க. தொழுதுட்டுத் திரும்பப் பூசுவாங்க. அப்படின்னா ஒரு நாளைக்குப் பல தடவை பூசணும். அப்ப சீக்கிரம் தீந்துடுமே!”

“ஆமா சார்.”

“தீந்தா?”

“திரும்ப வருவாங்க சார்.”

முதலாளி அண்ணியை ஒரு மகாமேதையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “உக்காருங்கம்மா,” என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். வாசலில் நின்றவனிடம், “கீழ்த்தட்டு காலியாத்தான் இருக்கு, பாருங்க,” என்றார். அந்த நேரம் பார்த்து அண்ணியின் போன் அடித்தது. பெயிண்ட் ஆலை. இந்தத் தடவை அவள் கவிழ்த்து வைக்கவில்லை. எடுத்து, “சார், அந்த நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க,” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். பட்டாசு நமுத்துப் போச்சு என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், சொல்லட்டும்.

மறுநாள் காலை கடை திறந்த கையோடு சோதனைக்காரி வந்தாள். நேராக நடுத்தட்டுக்குப் போய் டெஸ்டரை எடுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஏம்மா, உன் வகுப்பே வாங்கிட்டுப் போயிடுச்சு. நேத்து நீ மட்டும் ஒண்ணும் வாங்கலையே?”

“எனக்கெதுக்கு அக்கா?” என்றாள் அவள், பஞ்சுக்குச்சியை நாவல்பழ நிறத்தில் தோய்த்தபடி. “எனக்குத்தான் இங்கயே இருக்கே.”

சுருக்கென்று கோபம் வந்தது. திட்ட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு, மேசையில் இருந்த கைக்கண்ணாடியை எடுத்து, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

“ஓரத்துல கொஞ்சம் விட்டுப் போச்சு,” என்றேன். “சரியாப் பூசு. உன்னைப் பாத்துத்தான் ஊரே வாங்குது.”